மேப் ஒரு பக்கம், வீட்டுக்காரர் ஒரு பக்கம்: 64 வயதில் யார் சொல்வதைக் கேட்டு ஓட்டுவது?

மலைக்கோட்டை (திண்டுக்கல்)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 64, தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள். கார் ஓட்டுவது புதிதில்லை. நாற்பது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டேன், ஆனாலும் பழனி, மதுரை, திருச்சி எல்லாம் நானே ஓட்டிப் போய் வருவேன். 2013 மாடல் சின்ன கார். அதில் திரை, கேமரா எதுவும் கிடையாது, ஒரு எஃப்.எம். ரேடியோ உண்டு. என் கேள்வி வண்டியைப் பற்றி இல்லை, வழியைப் பற்றி.

இத்தனை வருடமும் எனக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தவர் என் வீட்டுக்காரர். விதைக் கம்பெனி வேலையில் ஊர் ஊராகச் சுற்றியவர். திண்டுக்கல், கரூர், தேனி, ஈரோடு நாலு ஜில்லாவும் அத்துப்படி. எந்த ஊர் உரக்கடைக்கு எந்தச் சந்தில் நுழைய வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கண்ணில் கிளாக்கோமா வந்து, இனிமேல் ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகு ஸ்டியரிங் என் கைக்கு வந்தது. வழி மட்டும் அவரிடமே இருந்துவிட்டது.

சிக்கல் என்னவென்றால், அவர் மனதில் இருக்கும் ரோடு வேறு, இப்போது தரையில் இருக்கும் ரோடு வேறு. "தியேட்டர் தாண்டினதும் லெஃப்ட்" என்பார். அந்தத் தியேட்டரை இடித்து மண்டபம் கட்டி, மண்டபத்துக்கே பெயின்ட் உரிந்துவிட்டது. நெடுஞ்சாலை எண்ணைச் சொல்லி "செவன்ல ஏறிடு" என்பார். போர்டில் 44 என்று போட்டிருக்கும். முன்பாவது டோல்கேட்டில் காசு கொடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். ஃபாஸ்டேக் வந்த பிறகு வழி கேட்கவும் வழியில்லை.

மகள் பெங்களூரில் ஜே.பி. நகர் பக்கம் இருக்கிறாள். இதுவரை ரயிலில்தான் போய் வந்தோம். இந்த முறை இட்லி அரிசி, வடகம், ஊறுகாய் ஜாடி, பேத்திக்கு ஒரு மரத்தொட்டில் என்று சாமான் சேர்ந்துவிட்டது, காரில் போகலாம் என்று முடிவு. 350 கிலோமீட்டருக்கு மேல். மகள் என் ஃபோனில் ஏதோ ஒரு மேப் ஆப்பைத் திறந்து காட்டி, "ஊர் பேரைப் போடும்மா, அது சொல்ற மாதிரி போ, அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டாள்.

சரி, பழகிப் பார்ப்போம் என்று வேடசந்தூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். மெயின் ரோட்டிலேயே நேராகப் போ என்று இவர் சொல்லச் சொல்ல, ஃபோன் ஒரு கிராமத்துப் பக்கம் திருப்பியது. முதலில் தார் ரோடு, அப்புறம் கப்பி ரோடு, அப்புறம் ஒரு குளத்துக்கரை. கரையின் அகலம் என் காரின் அகலம், அதற்கு மேல் இரண்டு சாண் இருக்கலாம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் சோளக்காடு. ஆடு ஓட்டிக்கொண்டு எதிரில் வந்த அம்மா நின்று, "இதுல டி.வி.எஸ். ஃபிஃப்டிதான் வரும், காரு வராதே, யாரு சொன்னா?" என்று கேட்டார். நான் ஃபோனைக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து அது, "300 மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்" என்றது. அந்த அம்மா வலது பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே மடை இருந்தது.

கரை முழுக்க ரிவர்ஸிலேயே வந்தேன். இவர் இறங்கி நின்று "ஒடி, ஒடி, நேராக்கு" என்று கையைக் காட்டினார். அதற்குப் பிறகு வீடு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. "நான்தான் சொன்னேனே" என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இப்போது என் சந்தேகங்கள். பைபாஸில் பிரிவு வரும்போது ஃபோன் சொல்லி முடிப்பதற்குள் பிரிவு தாண்டிவிடுகிறது. படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த மேப்பில் வடக்கு எப்போதும் மேலேதான் இருந்தது. கண்ணாடி போட்டால் ரோடு தெரிகிறது, ஃபோன் தெரியவில்லை. கழற்றினால் இரண்டும் தெரியவில்லை. நடுவில் யாராவது கூப்பிட்டால் மேப்பே காணாமல் போகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, காரில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வழி சொன்னால் நான் யார் பேச்சைக் கேட்பது?

"இந்த வயசுல எதுக்கும்மா ரிஸ்க், டிரைவர் போட்டுக்கோங்க" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதைச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

மஞ்சள்போர்டு (கோயம்புத்தூர்)

அம்மா, வணக்கம். நான் கால் டாக்ஸி ஓட்டுகிறவன். பெங்களூர் எனக்குப் பழகின ரூட். உங்கள் கேள்விக்குப் பாதி பதிலை அந்த ஆட்டுக்கார அம்மாவே சொல்லிவிட்டார்: டி.வி.எஸ். ஃபிஃப்டி!

நீங்கள் எந்த ஆப் வைத்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. நான் கூகுள் மேப்ஸ் போட்டு ஓட்டுகிறேன், அதை வைத்துச் சொல்கிறேன். வழி காட்டும் இடத்தில் மேலே வரிசையாகச் சின்னச் சின்னப் படம் இருக்கும்: கார், பைக், பஸ், நடக்கிற ஆள். பைக் வழி தனியாகக் காட்டும் வசதி 2017 கடைசியில் நம் நாட்டில்தான் முதலில் வந்தது. விரல் தெரியாமல் அதில் பட்டிருந்தால் ஒற்றையடிப் பாதை எல்லாம் அதற்கு ராஜபாட்டைதான். உங்கள் விஷயத்தில் அதுதான் நடந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் கிளம்பும் முன் கார் படம் நீலமாக இருக்கிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் செட்டிங்ஸில், எரிபொருள் மிச்சமாகும் வழியைத் தேர்ந்தெடு என்று ஒன்று இருக்கும், பக்கத்தில் பச்சை இலை போட்டிருக்கும். அதை நான் அணைத்து வைத்திருக்கிறேன். நூறு மில்லி பெட்ரோலுக்காக ஊர் பேர் தெரியாத ரோட்டில் போக வேண்டாம்.

மேப் சுற்றுவதற்கு வைத்தியம் சுலபம். ஓட்டும்போது திரையின் ஓரத்தில் திசைகாட்டி மாதிரி ஒரு வட்டம் தெரியும். அதைத் தொட்டால் வடக்கு மேலேயே நின்றுகொள்ளும். "கிழக்கே திரும்பு, தெற்கே போ" என்று பேசி வளர்ந்தவர்களுக்கு அதுதான் சரிப்படும். என் மாமனாருக்கும் அப்படித்தான் வைத்துக் கொடுத்தேன்.

குரலைத் தமிழில் வைத்திருக்கிறீர்கள், நல்லது. ஆனால் சத்தம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஃபோனை எப்போதாவது ப்ளூடூத் ஸ்பீக்கரிலோ காது மெஷினிலோ இணைத்திருந்தால், வாசலில் கிளம்பும்போது வீட்டு ஹாலில் இருக்கும் ஸ்பீக்கர் வழி சொல்லிக்கொண்டிருக்கும், காரில் ஒன்றும் கேட்காது.

இனி முக்கியமான விஷயம். வழியை காரில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். முதல் நாள் ராத்திரி வீட்டிலேயே போட்டு, நீலக்கோடு எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது என்று விரலால் தள்ளித் தள்ளிப் பாருங்கள். திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர். இந்த ஏழு பேர் வரிசையாக வந்தால் நீங்கள் சரியான ரோட்டில் இருக்கிறீர்கள். இதில் இல்லாத ஊர் பெயரைச் சொல்லி ஃபோன் திரும்பச் சொன்னால் திரும்ப வேண்டாம். நேராகப் போங்கள், அது கொஞ்ச நேரம் முரண்டு பிடித்துவிட்டு உங்கள் வழிக்கு வரும். பிரிவைத் தாண்டிவிட்டாலும் இதே கதைதான். தயவுசெய்து நாலுவழிச் சாலையில் ரிவர்ஸ் எடுக்காதீர்கள்.

சார் விஷயத்துக்கு வருகிறேன். கார் ராலி பந்தயத்தில் ஓட்டுகிறவர் பக்கத்தில் கோ-டிரைவர் என்று இன்னொருவர் நோட்டை வைத்துக்கொண்டு, அடுத்து என்ன வளைவு, எவ்வளவு தூரம் என்று சொல்லிக்கொண்டே வருவார். எங்கள் ஊரில் கார் பந்தயக்காரர்களுக்குப் பஞ்சமில்லை, யாரைக் கேட்டாலும் அந்த ஆள் இல்லாமல் ஜெயிக்க முடியாது என்பார்கள். சாரிடம் ஃபோனைக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் திரையைப் பார்க்கவே வேண்டாம். அவர் பார்த்து, "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்ல பிரிவு, இடது லேனுக்கு வந்துரு" என்று சொன்னால், ஃபோன் சொல்வதற்கு முன்பே நீங்கள் தயாராக இருப்பீர்கள். யார் கூப்பிட்டாலும் அவரே பேசிக்கொள்வார்.

மூக்குக்கண்ணாடி (மதுரை)

நான் கண் பரிசோதனை செய்கிறவன் (டாக்டர் இல்லை, கண்ணாடிக்குப் பவர் பார்ப்பவன்). மேடம், நீங்கள் சொல்வது உங்கள் கண்ணின் கோளாறு இல்லை, தூரக் கணக்கு.

பைஃபோகல் கண்ணாடியில் மேல் பாதி தூரத்துக்கு, கீழ்ப் பாதி படிப்பதற்கு. படிப்பது என்றால் சுமார் 40 சென்டிமீட்டர், அதாவது பேப்பர் பிடிக்கும் தூரம். டாஷ்போர்டில் இருக்கும் ஃபோன் கண்ணில் இருந்து 60, 70 சென்டிமீட்டரில் இருக்கிறது. உங்கள் கண்ணாடியில் அந்த நடுத் தூரத்துக்கு இடமே இல்லை. இளவயதில் கண்ணே அதைச் சரிக்கட்டிக்கொள்ளும், அறுபதுக்கு மேல் முடியாது. தூரம், நடு, கிட்டம் மூன்றும் இருக்கிற ப்ரோக்ரஸிவ் கண்ணாடி போட்டால் தெரியும். ஆனால் புதிதாகப் போட்டவுடன் ஹைவேயில் ஏறாதீர்கள். ஓரங்களில் கொஞ்சம் நெளிகிற மாதிரி இருக்கும், சில வாரம் ஊருக்குள்ளேயே ஓட்டிப் பழகுங்கள்.

கண்ணாடி மாற்றினாலும் திரையைப் பார்ப்பதைக் குறைக்கத்தான் வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி 22 மீட்டர் ஓடிவிடும். இரண்டு நொடி ஃபோனைப் பார்த்தால், 44 மீட்டரை ரோட்டைப் பார்க்காமலேயே கடந்திருப்பீர்கள். ராத்திரியில் திரையைக் கறுப்பு நிறத்துக்கு மாற்றிவிடுங்கள். வெளிச்சத்தைப் பார்த்த கண் இருட்டுக்குத் திரும்ப, வயதானால் கூடுதல் நேரம் எடுக்கும்.

சாரைப் பற்றி: கிளாக்கோமாவில் பெரும்பாலும் பக்கவாட்டுப் பார்வைதான் முதலில் குறையும், நடுப்பார்வை நெடுநாள் தாங்கும். அதனால் ஓட்டக்கூடாது என்று சொன்ன டாக்டரே ஃபோன் பார்க்கலாம் என்றும் சொல்லக்கூடும். அவர் பேப்பர் படிக்கிறாரா?

மலைக்கோட்டை (திண்டுக்கல்)

பேப்பரா? விளம்பரம் உட்பட எழுத்து விடாமல் படிப்பார். உங்கள் இரண்டு பேர் பதிலையும் அவரிடம் படித்துக் காட்டினேன். கோ-டிரைவர் யோசனை பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் "ஃபோனுக்கு நான் அசிஸ்டென்டா?" என்று கேட்டுவிட்டு, சாப்பிட்டு முடித்ததும் ஃபோனை வாங்கிக்கொண்டு போனார். இப்போது திண்ணையில் உட்கார்ந்து கரூர் பைபாஸைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அமராவதிப் பாலம் அதே இடத்தில்தான் இருக்கிறது என்பதில் அவருக்குத் திருப்தி.

போலீஸ் விஷயம் ஒன்று கேட்க வேண்டும். ஃபோனை வைத்திருந்தால் பிடிப்பார்களா?

ஈசிஆர் பையன் (சென்னை)

ஆன்ட்டி, 2020 அக்டோபரில் இருந்து ரூல் தெளிவாக இருக்கிறது: ஓட்டும்போது வழி பார்க்க மட்டும் ஃபோனைப் பயன்படுத்தலாம், கவனம் சிதறாத மாதிரி. பேசினால்தான் வம்பு. அங்கிள் கையில் இருந்தால் கேள்வியே இல்லை.

ஒரே ஒரு டிப்: வீட்டில் வைஃபை இருக்கும்போதே அந்த ரூட் மேப்பை டவுன்லோடு செய்து வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் வழி காட்டும், டிராஃபிக் மட்டும் தெரியாது. ஃபோனை வெயில் படும் கண்ணாடிக்கு அடியில் வைக்காதீர்கள். சார்ஜும் ஏறி மேப்பும் ஓடினால் சித்திரை வெயிலில் சூடாகி, திரை மங்கிவிடும். ஏ.சி. காற்று வரும் இடத்தில் மாட்டுகிற ஸ்டாண்ட் கிடைக்கிறது, அதுவே குளிரவும் வைக்கும்.

பெங்களூர் விலாசத்தை டைப் செய்யாதீர்கள். "ஃபர்ஸ்ட் மெயின், செகண்ட் கிராஸ்" எல்லா நகரிலும் இருக்கும். உங்கள் பெண்ணை வீட்டு வாசலில் நின்று வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பச் சொல்லுங்கள். ஆபீஸில் உட்கார்ந்து அனுப்பிவிடப் போகிறார்கள், வாசல் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

மைல்கல் (சேலம்)

நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 67. நானும் மேப் பார்த்து ஓட்டுகிறவன்தான், எதிரி இல்லை. ஆனால் ரோடு தானே பேசுகிறது, அதையும் கேட்கப் பழகினால் ஃபோன் சொல்வது புரியும்.

முதலில் சார் சொல்லும் "செவன்". அது தப்பில்லை. வாரணாசியில் தொடங்கி கன்னியாகுமரி வரைக்கும் அது என்.எச். 7-ஆகத்தான் இருந்தது. 2010-இல் நாடு முழுக்க எண்களை மாற்றினார்கள். வடக்கு தெற்காகப் போகும் பெரிய சாலைகளுக்கு இரட்டைப்படை எண், கிழக்கு மேற்காகப் போவதற்கு ஒற்றைப்படை. ஸ்ரீநகரில் இருந்து கன்னியாகுமரி வருவது 44. உங்கள் ஊர் வழியாகக் கோயம்புத்தூரையும் நாகப்பட்டினத்தையும் சேர்ப்பது 83. மூன்று இலக்க எண் என்றால் கிளைச் சாலை. கடைசி இரண்டு எண் தாய்ச் சாலையைச் சொல்லும். சேலத்தில் 44-ஐ விட்டுப் பிரிந்து கோவை வழியாகக் கொச்சி போவது 544. திண்டுக்கல்லில் 83-ஐ விட்டுத் தேனி, குமுளி பக்கம் போவது 183. இது தெரிந்தால், ஃபோன் "544-இல் தொடரவும்" என்று சொல்லும் கணமே நீங்கள் பெங்களூர் ரோட்டை விட்டுவிட்டீர்கள் என்று தெரிந்துவிடும். மைல்கல்லின் தலையையும் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநிலச் சாலை. மஞ்சள் தலை போய்ப் பச்சைத் தலை வந்துவிட்டதே என்று கவனித்தாலே பாதித் தப்பு தவிரும்.

இரண்டாவது, சர்வீஸ் ரோடு. ஃபோன் உங்கள் இடத்தைத் திறந்த வெளியில் ஒரு ஐந்து மீட்டர் முன்பின்னாகத்தான் கணக்கிடுகிறது. மெயின் ரோட்டுக்கும் சர்வீஸ் ரோட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு தடுப்பும் கொஞ்சம் செவ்வரளியும். நீங்கள் எதில் போகிறீர்கள் என்று அதற்குக் குழப்பம் வருவது இயற்கை. பாலத்திலும் இதே தொல்லை. மேலே போனாலும் கீழே போனாலும் மேப்பில் ஒரே கோடு, உயரத்தை அது அவ்வளவு துல்லியமாகப் பிடிப்பதில்லை. 2024 ஜூலையில் மேம்பாலம் ஏற வேண்டுமா என்று முன்கூட்டியே சொல்லும் வசதியைக் கூகுள் மேப்ஸில் நம் நாட்டு 40 நகரங்களுக்குக் கொண்டுவந்தார்கள். குறுகலான ரோட்டைக் காருக்குத் தவிர்க்கும் வசதியைச் சென்னை, கோவை உட்பட 8 நகரங்களில் தொடங்கினார்கள். வேடசந்தூர்க் குளத்துக்கரை அந்தப் பட்டியலில் இல்லை. மேப்பிள்ஸ் என்ற நம் நாட்டு ஆப்பில் பாலம் பிரியும் இடத்தைப் படமாகவே காட்டுவார்கள், அதையும் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவதை நான் சொல்லாமல் விட முடியாது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில், ராமகங்கை ஆற்றுப் பாலத்தில் வெள்ளம் அடித்துக்கொண்டு போன பகுதியில் ஒரு கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். மேப் காட்டிய வழியில் வந்தவர்கள். தடுப்பு வைக்காமல் விட்ட பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீதும் வழக்குப் பதிவானது, சரியாகத்தான் செய்தார்கள். நம் பக்கம் பெரிய பாலம் அறுந்து நிற்பது அபூர்வம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போவது எந்த ஃபோனுக்கும் தெரியாது. இருட்டில், மழையில், தெரியாத குறுக்கு வழி வேண்டவே வேண்டாம்.

மஞ்சள்போர்டு (கோயம்புத்தூர்)

மைல்கல் சார் சொன்ன பாலத்தோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர். ஏறிவிட்டால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. ஜே.பி. நகருக்கு இரண்டு வழி: அந்தப் பாலத்தில் போய் சில்க் போர்டு பக்கம் இறங்கி நெரிசலில் ஊர்ந்து போவது, அல்லது எலக்ட்ரானிக் சிட்டியிலேயே நைஸ் ரோட்டில் (ஊருக்கு வெளியே சுற்றிப் போகும் ரோடு) ஏறி பன்னேருகட்டா ரோட்டில் இறங்குவது. நைஸ் ரோட்டுக்குத் தனி டோல், ஆனால் உங்களுக்கு அதுதான் நிம்மதி. எது என்று ஓசூரில் டீ குடிக்கும்போதே முடிவு செய்துகொண்டு, நைஸ் ரோட்டை நடுவில் ஒரு நிறுத்தமாகப் போட்டுவிடுங்கள். அப்புறம் ஃபோன் மனம் மாறாது.

மலைக்கோட்டை (திண்டுக்கல்)

பெங்களூர் வந்து சேர்ந்துவிட்டோம். ஊறுகாய் ஜாடி உடையவில்லை.

கேட்டவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன். ஃபோன் முழுக்க அவர் மடியில் இருந்தது, சத்தம் மட்டும் எனக்கு. ஃபோன் "2 கிலோமீட்டரில் இடதுபுறம் இருக்கவும்" என்றால், அவர் அதை மொழிபெயர்த்து, "மேல போற பாலத்துக்கு முன்னாடி, பெட்ரோல் பங்க் பக்கம்" என்பார். முன்பெல்லாம் திருப்பம் வந்த பிறகு "இங்கதான், இங்கதான்" என்று கத்துகிறவர், இப்போது அடுத்த மூன்று திருப்பத்தை முன்கூட்டியே சொல்கிறார். மைல்கல் சாருடைய கணக்கைப் பிடித்துக்கொண்டு, சேலத்தில் 544 போர்டைப் பார்த்ததும், "இது 44-க்குப் பிள்ளை, நமக்கு வேண்டாம்" என்றார். செவன் என்ற பேச்சே இல்லை.

ஓமலூர் தாண்டுவதற்கு முன் தொப்பூர் கணவாய்ப் பக்கம் கோடு சிவப்பாகிவிட்டது. வேறு வழி இருக்கிறது, இருபது நிமிடம் மிச்சம் என்று ஃபோன் ஆசை காட்டியது. அந்த வழியில் இருந்த ஊர்களில் ஒன்று மட்டும்தான் அவருக்குத் தெரியும், அதுவும் மழைக்குச் சேறாகிற ரோடு என்றார். எனக்குப் பசி. ஒரு ஓட்டல் வாசலில் நிறுத்தி இட்லி சாப்பிட்டோம். அவர் தட்டுக்குப் பக்கத்தில் ஃபோனை வைத்துக்கொண்டு, "இன்னும் சிவப்பு... ஆரஞ்சு வந்துருச்சு... இன்னொரு காபி குடிக்கலாம்" என்று நேரலை வர்ணனை. பக்கத்து மேசை லாரிக்காரர் எழுந்து வந்து, அது எப்படித் தெரிகிறது என்று கேட்டார். முன்னால் போகிறவர்களின் ஃபோன் எவ்வளவு மெதுவாக நகர்கிறதோ அதை வைத்துக் கணக்குப் போடுகிறது என்று, என்னமோ இவரே கண்டுபிடித்த மாதிரி விளக்கினார். நீலம் வந்ததும் கிளம்பினோம்.

என்னைக் கேட்டால், வேறு வழி காட்டியதைவிட முன்னால் நெரிசல் என்று காட்டியதுதான் அந்த ஃபோன் எனக்குச் செய்த பெரிய உதவி. வழி எங்களுக்கும் தெரியும், அங்கே லாரி கவிழ்ந்து கிடப்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

சண்டை வராமல் இல்லை. நைஸ் ரோட்டில் இருந்து இறங்கும் இடத்தில் ஃபோன் ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல, நான் இரண்டு பேரையும் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, பச்சை போர்டில் "பன்னேருகட்டா" என்று எழுதியிருந்த பக்கம் திருப்பினேன். இரண்டு பேரும் அதைத்தான் சொன்னார்களாம்.

கண்ணாடிக்கு இங்கேயே அளவு கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊருக்குக் கிளம்பலாமா, திங்கள் காலையிலா? மஞ்சள்போர்டு தம்பி சொல்லுங்கள். இதை அவர் கேட்கச் சொன்னார்: திரும்பி வரும்போது தொப்பூரில் கவனிக்க வேண்டியது என்ன?

மஞ்சள்போர்டு (கோயம்புத்தூர்)

திங்கள் விடியற்காலை 5 மணிக்குக் கிளம்புங்கள் அம்மா. வார லீவு முடிந்து பெங்களூருக்குள் வருகிற கூட்டம் எதிர்ப்பக்கம் நிற்கும், உங்கள் பக்கம் ரோடு காலியாக இருக்கும். ஞாயிறு சாயங்காலம் கிளம்பினால் ராத்திரியில் ஓட்ட வேண்டியிருக்கும், அது வேண்டாம். புதுக் கண்ணாடி வந்துவிட்டாலும், மூக்குக்கண்ணாடி சார் சொன்ன மாதிரி ஹைவேயில் உடனே போடாதீர்கள்.

மைல்கல் (சேலம்)

தருமபுரியில் இருந்து சேலம் வரும்போது தொப்பூர் முழுக்க இறக்கம். போகும்போது நீங்கள் ஏறினீர்கள், அதனால் தெரிந்திருக்காது. ஃபோன் அதை வெறும் கோடாகத்தான் காட்டும், இறக்கம் அதில் தெரியாது. சாரிடம் சொல்லி, இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாவது கியருக்கு மாறச் சொல்லி நினைவூட்டச் சொல்லுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காதீர்கள். நியூட்ரலில் வருகிற லாரிக்கு முன்னால் போகாதீர்கள், பக்கத்திலும் போகாதீர்கள். விட்டுவிட்டுப் பின்னால் வாருங்கள். ஃபோனில் வேகத்தைக் காட்டும் சின்ன வட்டம் இருக்கிறது. போலீஸ் வைத்திருக்கும் வேகப் பலகையோடு அதை ஒப்பிட்டுச் சொல்லும் பொறுப்பு சாருடையது.